வேணுகோபாலன் பதங்களை எந்த எடிட்டரில் அடிப்பது?

(கார்வேட்டிநகரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்த சிலர், ‘இது இன்ஜினியரிங் காலேஜில் பேசவேண்டிய சமாசாரம், இந்த ஊரில் எதற்கு?’ என்று கேட்டார்களாம். கேட்கவேண்டிய கேள்விதான். இந்த ஊருக்கு அச்சில் வரவேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது, அதனால்தான் இங்கே பேசுகிறேன். சாரங்கபாணி இந்தச் சமஸ்தானத்துக் கவி. வேணுகோபால முத்திரையோடு அவர் பாடிய தெலுங்குப் பதங்களைச் சென்னையிலும் பாடுகிறார்கள், திருப்பதியிலும் பாடுகிறார்கள். கோவிந்தசாமய்யாவின் பதவர்ணங்களும் இந்த மண்ணில் பிறந்தவையே. இவற்றைப் பாடுகிறவர்களில் தெலுங்கு எழுத்துத் தெரியாத தமிழர்கள் நிறையப் பேர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு மட்டும் படித்தவர்களும் நிறையப் பேர். இடது பக்கம் தெலுங்கு எழுத்து, வலது பக்கம் தமிழ் எழுத்து, நடுவில் ஸ்வரக்குறிப்பு என்று ஒரு புத்தகம் போட்டால் இரண்டு கூட்டத்துக்கும் உதவும். அதைக் கம்ப்யூட்டரில் எப்படிச் செய்வது, எதில் அடிப்பது என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தப் பேச்சு.

இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று சங்கீதப் புத்தகம் போடுவது புதிதல்ல. 1904இல் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டது எட்டயபுரத்தில். தமிழ்நாட்டின் தென்கோடி ஊர். புத்தகம் முழுக்கத் தெலுங்கு எழுத்து. வெறும் எழுத்து மட்டுமா? ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கமகக் குறி, தாளக் குறி என்று தனித்தனி அடையாளங்கள். அத்தனையும் ஈய அச்சில். அந்தப் பக்கங்களைக் கோத்த கம்பாசிட்டர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. பிறகு சென்னை மியூசிக் அகாடமி 1961இல் தொடங்கிப் பல பாகங்களாக அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. எழுத்து மாறியவுடன் எத்தனை சிக்கல் வரும் என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். தெலுங்கில் க வரிசைக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்று. மேலே சின்னதாக 2, 3, 4 என்று எண் போட்டுத்தான் சமாளிக்கவேண்டும்.

இன்றைக்குக் கம்பாசிட்டர் என்று தனியாக யாரும் கிடையாது. அடிக்கிறவரே கம்பாசிட்டர்.

இந்த வேலைக்கு டெக் என்ற நிரலை நான் சிபாரிசு செய்கிறேன். ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு எடிட்டருக்கு வருகிறேன். டொனால்ட் கனூத் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், 1977இல் தன் புத்தகத்தின் இரண்டாம் பாகத்துக்கு வந்த புதுப்பதிப்பு அச்சுப்படியைப் பார்த்தார். எழுத்து அழகாக இல்லை. கோபத்தில் தானே அச்சுக்கோக்கும் நிரல் ஒன்றை எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். அதில் நீங்கள் பக்கத்தை வரைவதில்லை. வெறும் எழுத்தாக ஒரு மூலக்கோப்பை அடிக்கிறீர்கள். ‘இது தலைப்பு’, ‘இது பல்லவி’, ‘இந்த ஸ்வரம் மேல் ஸ்தாயி’ என்று நடுநடுவே கட்டளை கொடுக்கிறீர்கள். பக்கத்தை அது கோத்துத் தருகிறது. உலகத்துக் கணித, பௌதிக ஆராய்ச்சி இதழ்கள் இதில்தான் தயாராகின்றன. அதில் கணிசமான வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் நடக்கிறது. திருவனந்தபுரத்தில் 1998இலேயே டெக் பயனர்களின் இந்தியக் கூட்டமைப்பு தொடங்கிவிட்டது. 2002இல் உலக டெக் மாநாடே அங்கே கூடியது. ஆகவே இது நம் ஊர்ப்பக்கத்துக்கு அந்நியமான தொழில் என்று யாரும் ஒதுங்கவேண்டாம்.

பேஜ்மேக்கரில் அனு ஃபாண்ட் போட்டு அடித்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். இந்தப் பக்கத்து டிடிபி கடைகள் அப்படித்தான் பிழைக்கின்றன, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோப்பை அனு ஃபாண்ட் இல்லாத மெஷினில் திறந்து பாருங்கள், ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று அடித்த கோப்புகளின் கதியும் அதே. திருமலையில் அன்னமய்யாவின் கீர்த்தனைகளை 16ஆம் நூற்றாண்டில் செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் எடுத்துப் படிக்க முடிந்தது, அச்சிடவும் முடிந்தது. 1998இல் அடித்த கல்யாணப் பத்திரிகையை இன்றைக்குத் திறக்க முடியவில்லை! யூனிகோடில் அடித்த வெற்று எழுத்துக்கோப்புக்கு இந்த ஆபத்து இல்லை. எந்த நிரல் போனாலும் எழுத்து நிற்கும்.

இனி எடிட்டர். இந்த விஷயத்தில் உலகத்தில் ஒரு பழைய சண்டை உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் எம்ஐடியில் ஈமேக்ஸைத் தொடங்கியது 1976. அதே ஆண்டு பெர்க்லியில் பில் ஜாய் எழுதியது விஐ. அதிலிருந்து பின்னால் வந்தது விம். டெக்கும் அவற்றுக்கு ஒரு வயது இளையது, அவ்வளவுதான். ஈமேக்ஸ்காரர்களும் விஐ, விம்காரர்களும் அரை நூற்றாண்டாக மாறி மாறி வம்பளந்துகொண்டிருக்கிறார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் அதையெல்லாம் யூட்யூபில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் சண்டை. எத்தனை விசை அழுத்தினால் வார்த்தை அழியும் என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. நமக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கோப்பில் உண்மையில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை இந்த எடிட்டர் எனக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா?

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. 1990களின் தொடக்கத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே என்பவர் டெக்குக்கு ஒரு தமிழ் எழுத்துரு செய்து கொடுத்தார். அதில் தமிழை ரோமன் எழுத்தில் அடித்து, அதை மாற்றி, அச்சிட வேண்டும். மூலக்கோப்பில் தமிழ் எழுத்தே கிடையாது. அப்படியானால் எந்த எடிட்டர் இருந்தால் என்ன? 2004இல் ஜானதன் கியூ ஸீடெக்கை வெளியிட்டார். முதலில் மேக் கம்ப்யூட்டருக்கு, 2006இல் லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும். அதன் பிறகு யூனிகோடுத் தமிழையும் தெலுங்கையும் நேராகவே மூலத்தில் அடிக்கலாம், கம்ப்யூட்டரில் இருக்கும் எந்த ஃபாண்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அன்றைக்குத்தான் தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் எடிட்டர் ஒரு பிரச்சினையாகப் பிறந்தது.

சொன்னால் புரியாது, காட்டினால் புரியும். திரையைப் பாருங்கள். ‘மாயாமாளவகௌள’ என்று இரண்டு தரம் அடித்திருக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? தெரியாது. முதலாவதில் ‘கௌ’ சரியான ஔகாரக் குறியோடு இருக்கிறது. இரண்டாவதில் க, ஒற்றைக்கொம்பு, அப்புறம் சாதாரண ளகரம். ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் பெரும்பாலான ஃபாண்டில் ஒரே உருவம். அச்சில் ஒன்றுபோலவே வரும். ஆனால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு வார்த்தை. நம் புத்தகத்தில் கேதாரகௌள, ரீதிகௌள, நாராயணகௌள என்று கௌளைகளுக்குக் குறைவில்லை. நான்கு பேர் அடித்தால் நான்கு விதமாக அடிப்பார்கள். கடைசியில் ராக அட்டவணை எடுக்கும்போது ரீதிகௌள இரண்டு இடத்தில், இரண்டு தனித்தனி ராகமாக வந்து நிற்கும்.

அடுத்தது இந்த ஊருக்கே உரியது: ஸ்ரீ. சுவாமி பெயருக்கு முன்னால் போடாமல் இருக்க முடியுமா? இதை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். அந்த ஶகரம் யூனிகோடுக்குள் 2005இல்தான் வந்தது. பழைய விசைப்பலகைகள் ஒன்றைத் தரும், புதியவை சில மற்றொன்றைத் தரும். பல ஃபாண்டுகளில் உருவம் ஒன்றே. ‘ஸ்ரீவேணுகோபால’ என்று தேடினால் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. கிடைக்காத பாதி உங்கள் கண்முன்னாலேயே திரையில் இருக்கும்!

கொ, கோ என்பவற்றிலும் இதே கதை. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு குறியாகப் பிரித்தும் வைக்கலாம். பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டிய தமிழில் இது சகஜம்.

இப்போது எதிர்ப்பக்கம். தமிழில் இந்தப் பிரச்சினைகளுக்கு எளிய வைத்தியம் என்று நினைத்துச் சிலர், கண்ணுக்குத் தெரியாத இணைப்பு, பிரிப்புக் குறிகளையெல்லாம் மொத்தமாகத் தேடி அழித்துவிடுவார்கள். தனித்தமிழ்க் கோப்பில் பெரும்பாலும் பாதகமில்லை, அவை அங்கே எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த தூசுதான். ஆனால் நம் கோப்பில் பாதி தெலுங்கு. தெலுங்கில் ஒரு மெய்க்கு அடுத்து வரும் மெய் கீழே வத்தாகப் போய் உட்காரும். உட்காரக்கூடாத இடத்தில், உதாரணமாக ‘சாஃப்ட்வேர்’ என்று தெலுங்கில் எழுதும்போது, வகரம் கீழே போகாமல் தடுப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறிதான். அதை அழித்தால் தெலுங்கு வார்த்தை முறுக்கிக்கொள்ளும். ஒரு மொழிக்குத் தூசாக இருப்பது மற்ற மொழிக்கு எலும்பு. ஆகவே கோப்பு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கமுடியாது. எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாக முடிவு செய்யவேண்டும். பார்க்கவேண்டுமானால் எடிட்டர் காட்டவேண்டும்.

எந்தெந்த எடிட்டர் காட்டும்? விஎஸ் கோட் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் கட்டம் போட்டுக் காட்டிவிடும். அதில் லாடெக் வொர்க்‌ஷாப் என்ற துணைநிரலைச் சேர்த்துக்கொண்டால் டெக் வேலை முழுதும் அங்கேயே செய்யலாம். ஈமேக்ஸில் எழுத்தின் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல் யு, கண்ட்ரோல் எக்ஸ், சமக்குறி என்று அழுத்தினால் அந்த எழுத்தின் ஜாதகத்தையே சொல்லும்: யூனிகோடு எண், பெயர், எந்த ஃபாண்டிலிருந்து வருகிறது, எவற்றோடு சேர்ந்திருக்கிறது எல்லாம். அந்த ரீதிகௌளையில் வைத்துப் பார்த்தால் திருட்டு ளகரம் உடனே பிடிபடும். விம்மில் ஜி, ஏ என்று இரண்டு விசை அழுத்தினால் எண்களைக் காட்டும்.

ஆனால் விம்மைப் பற்றி ஒரு வார்த்தை. அதை எழுதிய பிராம் மூலெனார் 2023இல் காலமானார். நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் உகாண்டாவிலுள்ள அநாதைக் குழந்தைகளுக்கு உதவவேண்டும் என்று அதன் முகப்பிலேயே எழுதி வைத்த நல்ல மனிதர். அவர் நிரலைக் குறை சொல்ல மனம் வரவில்லை, இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். விம் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்கும். ஆங்கிலத்துக்கு அது பொருத்தம். நம் ‘ட’வும் ‘ணௌ’வும் ஒரே அகலக் கட்டத்துக்குள் எப்படி அடங்கும்? டெர்மினல் ஜன்னலில் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறும். தெலுங்கு வத்துகளின் நிலை இன்னும் மோசம். இரண்டு மொழிப் புத்தகத்துக்கு விம் வேண்டாம் என்பது என் முடிவு.

மற்ற எடிட்டர்களில் இந்தத் தொல்லை இன்று பெரிதும் தீர்ந்துவிட்டது. எழுத்துகளைக் கோத்து உருவம் கொடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஸீடெக் உள்ளே அதுதான். ஈமேக்ஸிலும் 2020இல் வந்த 27ஆம் பதிப்பு முதல் அதுதான், விஎஸ் கோட்டிலும் அதுதான். எடிட்டரும் அச்சும் ஒரே கையால் எழுதுவதால், ஒரே ஃபாண்டைப் போட்டுக்கொண்டால் திரையில் கோணலாக இருப்பது தாளிலும் கோணலாக வரும். அதனால் எடிட்டரில், குறி தன் எழுத்தோடு சேராத இடத்தில், புள்ளிவட்டம் ஒன்று தெரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

புள்ளிவட்டம் என்றதும் நம் எண் விவகாரம் நினைவுக்கு வருகிறது. ‘கோ’வின் ககரம் மூன்றாவது ககரம் என்று காட்ட மேலே 3 போடவேண்டும். ககரத்துக்குத்தானே எண், ககரம் முடிந்தவுடன் 3 போட்டு அப்புறம் ஓகாரக் குறி போடலாம் என்று தோன்றும். போட்டால் கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து, புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு தனியே நிற்கும். எழுத்து முழுதும் முடிந்த பிறகுதான் எண் வரவேண்டும்: கோ³. இதையும் நேராக அடிக்காமல் ஒரு கட்டளையாக வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு எண்ணை மேலே போடாமல் கீழே போடலாம் என்று தோன்றினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

ஸ்வரக்குறிப்பில் இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. மேல் ஸ்தாயி ஸ்வரத்தின் தலையில் புள்ளி வைப்பது வழக்கம். தமிழில் தலையில் புள்ளி வைத்தால் மெய்யெழுத்து. மேல் ஷட்ஜத்துக்குப் பலர் ‘ஸ்’ என்றே அடித்துவிடுகிறார்கள், பார்வைக்குச் சரியாகவே இருக்கும். அடுத்து மேல் ரிஷபம் வரும்போது ‘ரி’யின் தலையில் அந்தப் புள்ளியை வைக்க முடியாது. வைத்தால் புள்ளிவட்டம். பிறகு அதற்கு ஒரு தந்திரம், காந்தாரத்துக்கு ஒரு தந்திரம் என்று போய் முடிவில் ஒரே பக்கத்தில் மூன்று விதப் புள்ளி. இங்கேதான் டெக் கைகொடுக்கிறது. ‘மேல்’ என்ற பெயரில் ஒரு கட்டளை செய்துகொள்ளுங்கள். பேக்ஸ்லாஷ், மேல், அடைப்புக்குள் ஸ்வரம். புள்ளியை எந்த உயரத்தில் வைப்பது என்பதை டெக் பார்த்துக்கொள்ளும். ஸீடெக்கில் கட்டளைப் பெயரே தமிழில் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பல்லவி, அனுபல்லவி, சரணம், மேல், கீழ் எல்லாம் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். சில எடிட்டர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தால்தான் கட்டளை என்று ஒத்துக்கொண்டு நிறம் கொடுக்கும். தமிழ்க் கட்டளை கறுப்பாகவே நிற்கும். வேலை கெடாது, கண்ணுக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

கட்டளையைத் தமிழில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் விசைப்பலகை. தமிழ்99இல் அடிக்கிறவர்களுக்குத் தெரியும், சதுர அடைப்புக்குறி விசைகளில் சகரமும் ஞகரமும் உட்கார்ந்திருக்கின்றன, சாய்கோட்டு விசையில் ழகரம். ஆங்கிலக் கட்டளை ஒன்று, தமிழ் வார்த்தை இரண்டு, மறுபடி ஆங்கிலம் என்று மாற்றி மாற்றி அடித்தால் ஒரு பதம் முடிவதற்குள் கை ஓய்ந்துவிடும். நமக்கோ மூன்றாவதாகத் தெலுங்கும் உண்டு. எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பாருங்கள்: மொழி மாற்ற எத்தனை விசை, மாறியிருக்கிறது என்பது திரையில் தெரிகிறதா? ஈமேக்ஸில் கண்ட்ரோலும் பேக்ஸ்லாஷும் சேர்த்து அழுத்தினால் மாறும், கீழே பட்டையில் எந்த மொழி என்று தெரியும். அதோடு அதன் சொந்தக் கட்டளைகள் தமிழில் இருக்கும்போதும் வேலை செய்யும். விம்மில் சிஸ்டத்தின் தமிழ்99ஐப் போட்டுவிட்டு, வரியை அழிக்கலாம் என்று ‘டி’ விசையை அழுத்தினால் அதற்குப் போய்ச் சேருவது ‘உ’. அதற்கு உகரம் என்றால் என்னவென்று தெரியாது. இதற்கும் விம்முக்குள் மாற்று ஏற்பாடு இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கூட்டம் முடிந்து யாராவது என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

சரி, இன்றைக்கு ராத்திரி எதை இறக்குவது? கணினியில் இதுவரை வேர்ட் தவிர வேறு தெரியாத ஆசிரியைக்கு நான் டெக்வொர்க்ஸைத்தான் சொல்வேன். ஸீடெக் செய்த அதே ஜானதன் கியூ, புதியவர்கள் பயப்படக்கூடாது என்று எழுதியது. இரண்டு ஜன்னல்: ஒன்றில் மூலம், ஒன்றில் பக்கம். மேலே ஒரு பச்சைப் பொத்தான். பட்டன் மலை கிடையாது. பக்கத்தில் ஒரு வார்த்தையில் கண்ட்ரோலோடு கிளிக் செய்தால் மூலத்தில் அந்த வரிக்கே கொண்டுபோய் விடும். இது ஜெரோம் லோரன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கொடுத்த சிங்க்டெக் வசதி, இன்று எல்லா நல்ல டெக் எடிட்டரிலும் உண்டு. பிழை திருத்துகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. ஃபாண்டை மட்டும் முதலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். ரகரத்துக்கும் காலுக்கும் நன்றாக வித்தியாசம் தெரிகிற ஃபாண்டாகப் பார்த்து, கொஞ்சம் பெரிய அளவில்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பச்சைப் பொத்தானை அழுத்தினால் தமிழ் இல்லாத பழைய டெக் ஓடி, ஏகப்பட்ட பிழைச்செய்தி வரும். ‘டெக்குக்குத் தமிழ் வராது’ என்று அங்கேயே மூடிவைத்தவர்கள் உண்டு. கோப்பின் முதல் வரியில், சதவீதக் குறி போட்டு, இதை ஸீலாடெக்கில், அதாவது ஸீடெக்கில், ஓட்டு என்று எழுதி வைக்க ஒரு முறை இருக்கிறது. டெக்வொர்க்ஸ், டெக்ஸ்டூடியோ போன்றவை அந்த வரியைப் படித்து அதன்படி நடக்கும். கோப்பு யார் மெஷினுக்குப் போனாலும் அந்த வரியும் கூடப்போகும். மாதிரிக் கோப்பை இன்று கொடுத்துவிட்டுப் போகிறேன்.

சதவீதக் குறிக்கு இன்னொரு குணமும் உண்டு. அந்த வரியில் அதற்குப் பின்னால் வரும் எதையும் டெக் படிக்காது, பிழை என்றும் சொல்லாது. முன்னுரையில் ‘50% பதங்கள்’ என்று அடித்தால் பதங்கள் காணாமல் போகும். நிறம் காட்டும் எடிட்டரில் அந்த மிச்ச வரி வேறு நிறத்தில் தெரியும், பார்த்துக்கொள்ளலாம். நிறமெல்லாம் ஆடம்பரம் என்று நோட்பேடில் அடிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அடிக்கிறவருக்கு டெக்வொர்க்ஸ், சரிபார்க்கிறவருக்கு ஈமேக்ஸோ விஎஸ் கோட்டோ. ‘குழு முழுக்க ஒரே எடிட்டரில் இருக்கவேண்டாமா?’ என்று கேட்பார்கள். எதற்கு? கோப்பு வெற்று எழுத்து. அதை எவரும் எதிலும் திறக்கலாம். ஒன்றாக இருக்கவேண்டியது எடிட்டர் அல்ல, விசைப்பலகையும் ஃபாண்டும் கட்டளைப் பெயர்களும். நான்கு பேர் நான்கு எடிட்டரில் அடித்து, எல்லோரும் ‘கௌ’வை ஒரே விதமாக அடித்தால் புத்தகம் ஒழுங்காக வரும்.

ஓவர்லீஃப் பற்றியும் கேட்டார்கள். ஏர்ப்பேடு பக்கம் ஐஐடியிலும் ஐசரிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் பழக்கமாக இருக்கும். 2012இல் தொடங்கியது, இணையத்திலேயே அடித்து இணையத்திலேயே பக்கம் எடுக்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய அதற்கு ஈடில்லை. இலவசக் கணக்கில் ஓட்டும் நேரத்துக்கு வரம்பு உண்டு, முழுப் புத்தகத்தையும் போட்டால் மூச்சு வாங்கும். ஒவ்வொரு பதத்தையும் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, ஒன்றொன்றாக ஓட்டிப் பார்க்கலாம். எதுவானாலும் வாரம் ஒரு முறை கோப்புகளை இறக்கி உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிகளைப் பற்றி ஒன்று. பக்கத்தில் வரி எங்கே உடையவேண்டும் என்று யோசித்து எடிட்டரில் என்டர் தட்டாதீர்கள். தமிழ்ச் சொல்லையும் தெலுங்குச் சொல்லையும் எங்கே வெட்டலாம் என்று டெக்குக்குத் தெரியும். கேரளத்தின் சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகள் பலவற்றுக்கு அந்த விதிகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூலத்தில் பாட்டின் ஓர் அடிக்கு ஒரு வரி, உரையில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி. பிழை என்று டெக் வரி எண்ணைச் சொல்லும்போது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பார்த்தால் போதும்.

முன்வரிசையில் அம்மா ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். சொல்லுங்கள்மா... ‘எங்களில் பாதிப்பேரிடம் கம்ப்யூட்டரே இல்லை, ஃபோன்தான் இருக்கிறது, அதில் அடிக்கக்கூடாதா?’ என்கிறார். தாராளமாக அடியுங்கள். சாகித்தியத்தை ஃபோனில் அடித்து வாட்ஸாப்பில் அனுப்புங்கள், கட்டளை போடுவதை இந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும். வாட்ஸாப்பில் அழகுக்காக நட்சத்திரக் குறியும் அடிக்கோடும் போட்டு எழுத்தைத் தடிப்பாக்குவது, சாய்ப்பது வேண்டாம். எடுத்து ஒட்டும்போது அந்தக் குறிகளும் சேர்ந்து வரும். நட்சத்திரம் அப்படியே அச்சில் ஏறிவிடும். அடிக்கோடு ஒன்று இருந்தால் போதும், டாலர் குறியைக் காணோம் என்று டெக் முறையிட்டு அங்கேயே நின்றுவிடும், பிள்ளைகள் புத்தகத்தில் டாலரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பல்லவிக்கு முன்னால் ‘பல்லவி’ என்று எழுதி, சரணத்துக்கு முன்னால் ‘சரணம்’ என்று எழுதி, ராகமும் தாளமும் மேலே போட்டு அனுப்பினால் போதும்மா. கௌளை மட்டும் பார்த்து அடியுங்கள்.